ஓரம் விடாமல்

நிரோஷினியின் முதலாம் ஆண்டுப் பூசை முடிந்த மறுநாள், பின்வளவில் நின்ற மரத்தை வெட்ட மாமா என்னைக் கூப்பிட்டார்.

“செயின்சோவைக் கொண்டு வாரும் தம்பி. உம்மட வேலையிடத்திலை கேட்டாத் தருவாங்கள்தானே.”

தந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, நவம்பர் முடிவு. இலை முழுவதும் கொட்டியிருந்தது.

மாமாவின் பெயர் செல்வரட்ணம். யாழ்ப்பாணத்தில் இளவாலையில் புகையிலைத் தோட்டம் செய்தவர். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மில்லிக்கனில் வீடு வாங்கியபோது அறைகளைப் பார்க்கவில்லை, பின்வளவைத்தான் பார்த்தார் என்று நிரோஷினி சொல்லிச் சிரிப்பாள். நிரோஷினி அவருடைய மூத்த மகள், என் மனைவி. ஒரு வருடத்திற்கு முன், ஒரு காலை, தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நின்றவள் விழுந்தாள். மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். இருபத்தேழு வயது. கேத்தில் கூவிக்கொண்டிருந்தது. நான்தான் அணைத்தேன்.

அதன்பிறகு என்னிடம் கேட்டதைச் செய்தேன். கேட்காததைச் செய்யவில்லை. மரத்தை வெட்டு என்றார். போனேன்.

அது ஒரு ஆஷ் மரம். தொடைப் பருமன். கோடையில் அதன் நிழல் மிளகாய்ப் பாத்தியில் விழுந்தது என்பது மாமாவின் குறை. அதற்காக அடியோடு கிளப்ப அவர் நினைக்கவில்லை. ஊரில் வேலியில் நிற்கும் பூவரசை அவர் வருடாவருடம் மொட்டையடித்தவர். குழையைத் தோட்டத்தில் பசளையாகத் தாழ்ப்பார்கள். அடுத்த மழைக்கு வெட்டின இடத்திலிருந்து நேர் நேராகத் தடிகள் கிளம்பும். அதையே இங்கேயும் செய்வதாக அவருக்கு எண்ணம்.

“நிலத்தோடை ஒட்ட வையும். சரிச்சு வெட்டும், தண்ணி வழிஞ்சு ஓடவேணும். தோலைக் கிழிச்சுப்போடாதையும். தோலுக்குள்ளைதான் உயிர் இருக்கு.”

“ஓம் மாமா.”

“மூண்டு வருசத்திலை பாரும், பாகல் பந்தலுக்குக் கம்பு இதிலையே எடுக்கலாம்.”

மரம் விழுந்தது. வெட்டின முகம் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. மாமா கொட்டிலுக்குள் போய் ஒரு பிளாஸ்ரிக் பையை இழுத்துக்கொண்டு வந்தார். ஊரில் வெட்டுவாய் காயாமல் இருக்கச் சாணி அப்புவார்கள். இங்கே மாட்டுக்கு எங்கே போவது. தோட்டச் சாமான் கடையில் செம்மறிச் சாணியைப் பையில் அடைத்து விற்கிறார்கள். அதை மண்ணோடு தண்ணீர் விட்டுக் குழைத்து, அடிக்கட்டையின்மேல் தொப்பி மாதிரி அப்பினார்.

மாமி றோஸ்மேரி குசினி யன்னலைத் திறந்தார்.

“மனிசா, உதென்ன மணம்? பக்கத்து வீட்டுச் சீனன் பொலிசுக்குப் போன் அடிக்கப்போறான்.”

“நீ யன்னலைச் சாத்து. அவனும் தோட்டக்காரன்தான். விளங்கும்.”

யன்னல் சாத்தப்பட்டது. மாமா கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

“அடி நல்ல அடி, தம்பி. கொப்புத்தான் போச்சு.”

நான் செயின்சோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“கிறிஸ்ரினா இருக்கிறாள். இருபத்தொரு வயசாச்சு. ஏன் வெளியிலை போய்த் தேடுவான்? ஊரிலையும் இதுதானே வழக்கம். மூத்தவள் போனா இளையவள். சுவாமியாரிட்டையும் கேட்டிட்டன். தடையொண்டும் இல்லையாம்.”

கிறிஸ்ரினா நிரோஷினியின் தங்கை. வேறு பிள்ளைகள் இல்லை. மாமா நான் பேசுவதற்காக நின்றார். எனக்கு அந்தக் கதை முடிந்தால் போதும் என்றிருந்தது.

“முதல்லை உது தளிர்க்கட்டும் மாமா. பேந்து கதைப்பம்.”

அவர் முகம் விரிந்தது. சாணிக் கையால் என் தோளைப் பிடித்தார்.

“தளிர்த்தாச் சரி. சொல்லுச் சொல்லுத்தானே?”

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனிடம் வெட்டின மரம் தளிர்க்கட்டும் என்று சொல்வது, நாளைக்கு விடியட்டும் என்று சொல்வது போல. அது எனக்குத் தெரியாததல்ல. யோசிக்கவில்லை. செயின்சோவை வேலையிட வான் வண்டியில் ஏற்றினேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்கு வந்த எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. நான் கோயிலுக்குப் போவதை விட்டிருந்தேன். மாமியை ஏற்றிவரத்தான் போனேன். வாசலில் ஒருவர், யாரென்றே தெரியாது, என் முதுகில் தட்டினார்.

“என்ன தம்பி, கட்டை எப்பிடி? முளை தள்ளுதோ?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாமா அதை நேர்த்திக்கடன் மாதிரி எல்லாருக்கும் சொல்லியிருந்தார். மருமகன் மரத்தைச் சாட்சி வைத்திருக்கிறான், அந்தோனியார் கைவிடமாட்டார்.

கிறிஸ்ரினா காருக்குள் இருந்தாள். யன்னலை ஏற்றிவிட்டாள்.

நான் வேலை செய்தது ஹைட்ரோ லைனில். ரெக்ஸ்டேலில் இருந்து கிழக்கே போகும் பெரிய மின்கம்பிகளுக்குக் கீழே மரம் வளரவிடக் கூடாது. ஒரு கொந்தராத்துக்காரன் ஆட்களைப் பிடித்து வெட்டுவித்தான். எங்கள் குழுவில் பாதிப்பேர் தமிழர். மேற்பார்வை குலசிங்கம் அண்ணை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவன் என்பதால் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்.

“பட்டதாரி, ஓரத்தைப் பூசு. நடுவைப் பூசி என்ன பிரயோசனம்? நடு செத்த கட்டை. தோலுக்கும் மரத்துக்கும் இடையிலை ஒரு பச்சை வட்டம் தெரியுதே, அதுதான் ஆள்.”

வெட்டுவது பாதி வேலைதான். வெட்டினால் மட்டும் அடுத்த வருடம் ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். அதனால் வெட்டின கையோடு அடிக்கட்டைக்கு வேரைக் கொல்லும் மருந்து பூசவேண்டும். பூசினது தெரிவதற்காக மருந்தில் நீலச்சாயம் கலந்திருக்கும். வெட்டுவாய் பச்சையாக இருக்கும்போதே பூசவேண்டும். காய்ந்தால் குடிக்காது. ஓரத்தில் ஒரு விரலகலம் விட்டுப்போனாலும் சரி, அந்த இடத்திலிருந்து முளை வரும்.

“உண்ணாணை, நானே கண்டனான்,” என்பார் குலசிங்கம் அண்ணை. “போன வருசம் ஒருத்தன் சிகரெட்டைப் பத்திக்கொண்டு பூசினவன். ஒரு ஓரம் விட்டிட்டான். இந்த வருசம் வந்து பாத்தா என்னைவிட உயரம். பாவம் பாத்தா வேலை இரட்டிப்பு, பட்டதாரி.”

நிரோஷினி உயிரோடிருந்தபோது இதை நான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். கிறிஸ்ரினாவும் அன்று சாப்பாட்டு மேசையில் இருந்தாள்.

அந்த மாரி முழுவதும் ஞாயிறுகளில் மாமா வீட்டில் சாப்பிட்டேன். வரச் சொன்னார்கள். அடிக்கட்டை பனிக்குள் ஒரு மேடாகத் தெரிந்தது. கிறிஸ்ரினாதான் எனக்குப் பரிமாறவேண்டும் என்று ஆகிவிட்டது. முதலில் அப்படி இல்லை.

மாமி நிரோஷினியின் உடுப்புகளைக் கேட்டிருந்தார். இரண்டு சூட்கேசில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். ஒரு ஞாயிறு கிறிஸ்ரினா நிரோஷினியின் மண்ணிறக் கோட்டைப் போட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு சப்பாத்து. நிரோஷினிக்குச் சின்னக் கால். கிறிஸ்ரினா கோயில் வாசலில் நொண்டினாள்.

“அம்மா, கடிக்குது. ரூ சைஸ் சின்னன்.”

“போடப் போட விரியும். நீ நெடுகக் கழட்டினா எப்பிடி விரியும்?”

“என்ர பூட்ஸ் எங்கை?”

“பழசெண்டு குடுத்திட்டன். நட, தம்பி பாத்துக்கொண்டு நிக்கிறான்.”

மேசையில் மாமி அவளை நிரோ என்று கூப்பிட்டார். வாய் தவறி வந்தது என்று நினைத்தேன். “நிரோ, தம்பிக்கு இறைச்சி போடு.” யாரும் திருத்தவில்லை. இரண்டாம் முறையும் அப்படித்தான் கூப்பிட்டார். கிறிஸ்ரினா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடி முழுசிறாய்? போடு.”

போட்டாள்.

மாமா ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பின்கதவடிக்குக் கூட்டிப்போய் அந்த மேட்டைக் காட்டுவார். பனி ஒரு கம்பளி, உள்ளே வேர் வேலை செய்கிறது என்பார். மார்ச்சில் பனி கரையத் தொடங்கியதும் மாமி மீன் கழுவின தண்ணீரை அதற்கு ஊற்றத் தொடங்கினார். சாணித் தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அந்தோனியார் படம், மழை படாமல் பொலித்தீனில் சுற்றி, குச்சியில் கட்டி நட்டிருந்தது.

கிறிஸ்ரினா ஸ்ரீல்ஸ் வீதியில் ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்தாள். ஏப்ரல் தொடக்கத்தில் எனக்குப் போன் எடுத்தாள். வேலை முடிந்து வரும்போது கடைக்கு வரச் சொன்னாள். போனேன். அவள் கவுன்ரருக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எனக்குப் பின்னால் சனம்.

“கறுப்புத்தானே அத்தான்? சீனி இல்லை.”

“ஓம்.”

“எனக்கு நேர்சிங் கிடைச்சிருக்கு. ஒஷாவாவிலை. செப்ரெம்பர் தொடங்குது.” கோப்பையை வைத்தாள். “அப்பா சொல்லுறார், கலியாணம் முடியட்டும், பிறகு மனிசனைக் கேட்டுப் படியாம்.”

“நான் படிக்க வேண்டாமெண்டு சொல்லமாட்டன்.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“அத்தான், நான் அதைக் கேக்கேல்லை.”

பின்னால் ஒருவன் டோனட் கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அக்காவின்ர கோட்டுப் போட்டிட்டன். சப்பாத்துப் போட்டிட்டன். அம்மா நேற்று அக்காவின்ர நைற்றியை மடிச்சு என்ர கட்டில்லை வைச்சிருக்கிறா. ஐ கான்ற் டூ திஸ். உங்களிலை கோவமில்லை. நீங்கள் அக்காவின்ர ஆள். அவ்வளவுதான்.”

“அப்ப நீ சொல்லன், ஏலாதெண்டு.”

“சொன்னனான்.” சீருடையின் கையை மேலே இழுத்துக் காட்டினாள். முழங்கைக்கு மேலே இடுப்புப்பட்டி அடித்த தழும்பு, மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. “நான் சொன்னா அடி. நீங்கள் சொன்னா மரியாதை.”

நான் கோப்பியைக் குடித்தேன்.

“அந்த நீல மருந்து இருக்கெல்லே. கொண்டுவந்து பூசிவிடுங்கோ அத்தான். ஜூன் அந்தோனியார் திருநாளுக்கும் முளைக்காட்டி அப்பா ஒண்டும் கதைக்கேலாது. எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார், தளிர்த்தாத்தான் எண்டு.”

“முளைக்காட்டியும் கேட்டா?”

“இல்லையெண்டு சொல்லுங்கோ. திரும்பக் கேக்காத மாதிரிச் சொல்லுங்கோ. உங்களுக்குக் கதைக்கத் தெரியாட்டியும் அது ஒண்டையாவது சொல்லுங்கோ.”

சரி என்றேன்.

பெரிய வெள்ளிக்கிழமை வீட்டில் எல்லாரும் சிலுவைப்பாதைக்குப் போயிருந்தார்கள். பின்பக்கப் படலை பூட்டுவதில்லை. அந்தோனியார் படத்தைப் பிடுங்கி ஒரு பக்கம் வைத்தேன். சாணித் தொப்பி முழுதாகக் கழன்று வந்தது. வெட்டுவாய் காய்ந்திருந்தது. தோலுக்குள் மட்டும் நகத்தால் சுரண்டினால் பச்சை. மாமா சொன்னது சரி. தோலைக் கிழிக்காமல் நான்தான் வெட்டியிருந்தேன்.

கைவாளால் மேலே ஒரு தட்டை அறுத்தெடுத்தேன். பச்சை வட்டம் புதிதாகத் தெரிந்தது. தூரிகையால் பூசினேன். சுற்றி வந்து இரண்டாம் தரமும் பூசினேன். ஓரம் விடவில்லை. சாணித் தொப்பியைத் திரும்ப வைத்து, வெடிப்புகளை ஈரமண்ணால் அடைத்து, அந்தோனியாரை அதே இடத்தில் நட்டேன். அறுத்த தட்டை வானில் போட்டேன். வேலையிடத்தில் மற்றக் கட்டைகளோடு எறிந்தேன்.

மே மாதம் தெருவெங்கும் பச்சை. மாமாவின் கட்டையில் ஒன்றுமில்லை. ஆஷ் பிந்தித்தான் துளிர்க்கும் என்று பக்கத்து வீட்டுச் சீனர் வேலிக்கு மேலால் கையைக் காட்டிச் சொன்னதாக மாமா சொன்னார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. எப்படி விளங்கியதோ தெரியாது. மாமி மீன்தண்ணீரை இரண்டு வேளை ஊற்றினார். பூனைகள் வந்தன.

கோயிலில் கேள்வி மாறியது.

“என்ன செல்வரட்ணம், உம்மட கட்டை நோன்பு பிடிக்குதோ?”

கிறிஸ்ரினா ஞாயிறுகளில் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினாள். பெரிய சிரிப்பு இல்லை. தட்டை வைக்கும்போது ஒரு சின்னச் சிரிப்பு. சப்பாத்தை மெதுவாகக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் எறிந்தாள். ஒருநாள் மாமி நிரோ என்று கூப்பிட, “நான் கிறிஸ்ரினா,” என்றாள். மாமி வாயை மூடிக்கொண்டார். கட்டை தளிர்க்காததில் அவருக்கும் பலம் குறைந்திருந்தது.

ஜூன் பதின்மூன்று அந்தோனியார் திருநாள். அந்த வருடம் ஞாயிறில் வந்தது. பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. நாங்கள் நான்கு பேர்தான். சாப்பாட்டுக்கு முன் மாமா என்னைப் பின்வளவுக்குக் கூட்டிப்போனார். மண்வெட்டியால் சாணித் தொப்பியைத் தட்டி உடைத்தார். வெட்டுவாய் கறுத்து, ஓரத்தில் ஒரு மங்கல் நீலம்.

குனிந்து பார்த்தார். விரலால் தேய்த்து மணந்தார்.

“பூஞ்சணம் பிடிச்சுப்போச்சு,” என்றார். “பனியிலை கிடந்து அழுகீட்டுது.”

அவர் அந்தோனியார் படத்தைப் பிடுங்கி, பொலித்தீனைக் கழற்றி, சட்டைப்பையில் வைத்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மேசையில் மாமா சோற்றைக் குழைத்தார். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி. கிறிஸ்ரினா குசினியில் சொதியைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். வாய்க்குள் ஏதோ ஆங்கிலப் பாட்டு.

“தம்பி,” என்றார் மாமா. “ஆவணியிலை வைப்பமோ? கலியாண ஹோல் ஒண்டு பாத்திருக்கிறன்.”

“கட்டை தளிர்க்கேல்லையே மாமா.”

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

“உது வெள்ளைக்காரன்ர மரம். பூவரசெண்டா இண்டைக்கு ஆளுயரம் நிண்டிருக்கும். மரக்கட்டையைக் கேட்டே மனிசர் கலியாணம் பேசிறது? அது சும்மா ஒரு கதைக்குச் சொன்னது.”

குசினியில் பாட்டு நின்றது.

மாமி சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். மாதா படம் போட்ட கலண்டர். ஓகஸ்ட் மாதத்தில் ஏற்கெனவே ஒரு சனிக்கிழமையில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது.

“எனக்கு வேண்டாம் மாமா,” என்றேன்.

மாமி என் கையைத் தடவினார். “விளங்குது ராசா. மனம் ஆறேல்லை. ஆறும்.”

“அவசரமில்லை,” என்றார் மாமா. “ஒரு வருசம் பொறுப்பம். ரெண்டு வருசமெண்டாலும் பொறுப்பம். அவள் வீட்டிலைதானே இருக்கப்போறாள். வேலையையும் விடச் சொல்லுறன். சமையல் பழகட்டும். நீர் ஆறுதலாச் சொல்லும்.”

“இல்லை மாமா. எப்பவும் வேண்டாம்.”

“இப்ப உப்பிடித்தான் வரும். வெட்டின வெட்டு அப்பிடி.” இறைச்சியை எடுத்து என் தட்டில் போட்டார். “சாப்பிடும்.”

கிறிஸ்ரினா குசினி வாசலில் சொதிச் சட்டியோடு நின்றாள். துணியால் சட்டியின் இரண்டு காதையும் பிடித்திருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். திரும்பக் கேட்காத மாதிரிச் சொல்லுங்கோ என்றவள்.

“நிரோ ஒரு கதை சொன்னவ,” என்றேன்.

மாமியின் கை என் கையில் இருந்தது. அப்படியே நின்றது. ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

“என்ன சொன்னவ?” என்றார் மாமி.

மூன்று வருடத்திற்கு முன், நத்தாருக்கு, கிறிஸ்ரினா தன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு ஸ்வெற்றர் வாங்கித் தந்தாள். நிரோஷினிக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் மட்டும். அன்று எல்லாரும் பகிடி பண்ணினார்கள். நிரோஷினிதான் கூடச் சிரித்தாள். அது எல்லாருக்கும் நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

“அந்த ஸ்வெற்றர் தந்தண்டு இரவு சொன்னவ. ‘உவளின்ர பார்வை சரியில்லை. எனக்கு ஏதும் நடந்தா அடுத்த நாளே வந்து நிப்பாள். ஆரைக் கட்டினாலும் உவளை மட்டும் கட்டிப்போடாதேங்கோ. கட்டினா நான் கண் மூடமாட்டன்’ எண்டு.”

நிரோஷினி அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு அந்த ஸ்வெற்றரைத் தானே போட்டுக்கொண்டு படுத்தாள். கை நீளம், இரண்டு மடிப்பு மடித்திருந்தாள்.

மாமாவின் விரல்களுக்கு நடுவே சோறு.

“மெய்யே தம்பி?”

“மெய்.”

“ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?”

“எப்பிடிச் சொல்லுறது மாமா? உங்கட பிள்ளை.”

மாமி எழுந்தார். கதிரை விழுந்தது. குசினி வாசலுக்குப் போய், சட்டிக்குள் கிடந்த அகப்பையை எடுத்து கிறிஸ்ரினாவின் முகத்தில் அடித்தார். சொதி இரண்டு பேர் மேலும் தெறித்தது. சட்டியை அவள் கீழே போடவில்லை. துணியோடு இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அக்கா உயிரோடை இருக்கேக்கையே கண் வைச்சனியேடி!”

“அம்மா, இல்லை அம்மா. அத்தான், என்ன இது?”

“அத்தானாம் அத்தான். உன்ர கண்தான்டி அவளைத் திண்டது. குத்துக்கல்லு மாதிரி இருந்த பிள்ளை. தேத்தண்ணிக்குத் தண்ணி வைச்ச பிள்ளை. அவளின்ர கோட்டைப் போட்டுக்கொண்டு திரியிறியே. கழட்டடி!”

அவள் கோட்டுப் போட்டிருக்கவில்லை. ஜூன் மாதம். மாமி அறைக்குள் ஓடி, கோட்டையும் நைற்றியையும் அள்ளிக்கொண்டு வந்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். கிறிஸ்ரினாவின் சாவுக்கு அழுவது போல இருந்தது. நிரோஷினிக்குக்கூட அப்படி அழவில்லை.

தங்கையின் கண் பட்டு நிரோஷினி செத்தாள் என்று கதை போகும் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. திருத்தவும் இல்லை.

கிறிஸ்ரினா மாமாவைப் பார்த்தாள். “அப்பா, பிளீஸ். அக்கா அப்பிடிச் சொல்லமாட்டா. அவ என்னை...”

மாமா எழுந்து கலண்டரைச் சுவரில் கொழுவினார். கொழுவிவிட்டுச் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“உனக்கு நேர்சிங் கிடைச்சது எங்கை?”

“ஒஷாவா.”

“அங்கை கொம்மாவின்ர ஒண்டுவிட்ட தங்கச்சி இருக்கிறா. கொண்டுபோய் விடுறன். படியோ படியாதையோ, எனக்குத் தேவையில்லை. இந்த வீட்டுப் படியிலை காலை வையாதை. சனம் கேட்டா நான் என்ன சொல்லுறது?”

நான் கை கழுவினேன். குசினியால்தான் போகவேண்டும். அவள் சட்டியோடு வழியில் நின்றாள். கன்னத்தில் மஞ்சள் வழிந்து காய்ந்துகொண்டிருந்தது. வழி விட்டாள்.

அதன்பிறகு என்னைச் சாப்பிடக் கூப்பிடுவது குறைந்தது. கலியாணக் கதை வரவில்லை. கோயிலில் யாரும் கட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. மாமா அந்தக் கட்டையைக் கோடரியால் பிளந்து கிளப்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். குழியில் மிளகாய் வைத்தாராம். மிளகாயும் பட்டுப்போனதாம். மண் சரியில்லை என்றாராம்.

ஓகஸ்ட் கடைசி வெள்ளி, வேலை முடிந்து வரும்போது ஸ்ரீல்ஸ் வீதியில் கோப்பிக் கடைக்குப் போனேன். குலசிங்கம் அண்ணை வானில் இருந்தார். தனக்கும் ஒன்று வாங்கிவரச் சொன்னார். கிறிஸ்ரினா அந்த வாரத்தோடு வேலையை விடுகிறாள் என்று தெரியும்.

கவுன்ரரில் அவள்தான் நின்றாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். காலில் புது ஓடுகிற சப்பாத்து. என்னைக் கண்டதும் எதையும் கேட்கவில்லை. கறுப்பு, சீனி இல்லை. ஊற்றினாள்.

“இன்னொண்டு. பாலும் சீனியும்.”

ஊற்றினாள்.

“நாளைக்குப் போறன்,” என்றாள்.

“ஓம். கேள்விப்பட்டனான்.”

“அம்மா கதைக்கிறேல்லை. அக்காவின்ர படத்துக்கு முன்னாலை என்னை நிக்க விடுறேல்லை. மெழுகுதிரி கொழுத்தப் போனா, தட்டிவிடுறா.”

எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் சில்லறையைக் கையில் குலுக்கினான்.

“ஒண்டே ஒண்டு கேக்கிறன் அத்தான். உண்மையைச் சொல்லுங்கோ. நான் ஆருக்கும் சொல்லமாட்டன்.” கவுன்ரரில் இரண்டு கையையும் ஊன்றினாள். “நீங்கள் எனக்காகத்தானே சொன்னீங்கள்? பொய்தானே? அக்கா அப்பிடிச் சொல்லேல்லைத்தானே?”

பொய் என்று சொன்னால் அவள் யாருக்கும் சொல்லாமல் போவாள். இந்த வருடம் சொல்லமாட்டாள். நத்தாருக்கு வீட்டுக்குப் போன் எடுப்பாள். தாய் அழுவார். உன் கண்தான் தின்றது என்று மறுபடியும் சொல்வார். அப்போது சொல்லிவிடுவாள். யாரால் சொல்லாமல் இருக்க முடியும். மாமா மறுபடி நாள் குறிக்கக் கலண்டரைக் கழற்றுவார்.

“ஓம்,” என்றேன். “சொன்னவ.”

“அக்கா?”

“ஓம்.”

“அப்பிடியே?”

“அப்பிடியே.”

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு கோப்பைகளுக்கும் மூடி எடுத்தாள். ஒன்றைப் போட்டு, பெருவிரலால் சுற்றிவர அமத்தினாள். மற்றதையும் அமத்தினாள். என் பக்கம் தள்ளினாள். காசை வாங்கி மிச்சத்தைக் கவுன்ரரில் வைத்தாள். கையில் தரவில்லை.

பிறகு என் தோளுக்கு மேலால் பார்த்தாள்.

“நெக்ஸ்ற்,” என்றாள்.